இனிப்புச் சோதனை

உட்காருங்கள் சாமி. அந்த ஸ்டூல் வேண்டாம், அது ஆடும். ஜன்னலோரம் கிடக்கிற நாற்காலியை எடுத்துக்கொள்ளுங்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து என் பக்கம் வர வேண்டும். என் பக்கமிருந்து உங்கள் பக்கம் போகக் கூடாது. ஆறாவது விதி. இன்னும் ஒரு சாண் பின்னால் தள்ளிக்கொள்ளுங்கள். போதும்.

மாலை எப்போது போட்டீர்கள்? கார்த்திகை ஒன்றா? அப்படியானால் இன்றைக்கு இருபத்திரண்டாம் நாள். தாடி நன்றாக இறங்கியிருக்கிறது. எனக்கு இந்த அடர்த்தி வர முப்பது நாளாவது ஆகும். எத்தனையாவது மலை? மூன்றா. நான் போன வருஷம் பதினெட்டு முடித்தேன். தென்னங்கன்று சுமந்துகொண்டு போனேன். பதினெட்டாம் வருஷம் கன்று சுமப்பது வழக்கம், உங்களுக்கே தெரியும். இந்த வருஷம் இந்தக் கட்டிலில் கிடக்கிறேன்.

கொஞ்சம் உரக்கக் கேளுங்கள். இடது காது போய்விட்டது. வலது காதில் பாதி இருக்கிறது. ஊசி மருந்தின் வேலை. குறை சொல்லவில்லை. குப்பியோடு வருகிற தாளிலேயே 'செவித்திறன் குறையலாம்' என்று அச்சடித்திருக்கிறார்கள். படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையை நீட்டினேன்.

பெயரா? பால்வண்ணம். செவிலியர், முதல்நிலை. இந்தக் காசநோய் ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷம். அதில் ஒன்பது வருஷம் தொற்றுத் தடுப்புப் பொறுப்பாளர். இப்போது இதே தனிமை வார்டில் ஆறாம் கட்டில் நோயாளி. இந்த வரிசையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். வரிசை மாறினால் பொருள் மாறிவிடும்.

நீங்கள் யாரை விசாரிக்க வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். சிஸ்டர் ஜெபக்கனி. நாசரேத்துப் பக்கத்துப் பெண், இருபத்தெட்டு வயது, தொகுப்பூதியத்தில் நான்கு வருஷம். வருகிற தை மாதம் நிரந்தர ஆணை வர வேண்டியது. நான் நிரப்பி அனுப்பிய படிவத்தால் அது நிற்கிறது. என் வாக்குமூலத்தைப் பார்த்துவிட்டு ஆணை கொடுப்பார்கள், அல்லது வீட்டுக்கு அனுப்புவார்கள். அவ்வளவுதானே? நல்லது. யாருக்கும் அநியாயம் நடக்கக் கூடாது. அதனால்தான் முழுதாகச் சொல்லப்போகிறேன். ஒன்றையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் மாஸ்க். திரும்புங்கள், பார்க்கிறேன். மேல்பட்டை உச்சந்தலையில், கீழ்ப்பட்டை பிடரியில். சரி. மூக்குக் கம்பியை இரண்டு கை விரலாலும் அழுத்தினீர்களா, ஒரு கையால் கிள்ளினீர்களா? கிள்ளினால் கூரை மாதிரி நிற்கும், இரண்டு பக்கமும் சந்து விழும். இப்போது அழுத்துங்கள். அப்படித்தான். நான் போட்டிருப்பது சாதா மாஸ்க். அது என்னிடமிருந்து உங்களைக் காப்பாற்ற. நீங்கள் போட்டிருப்பது என்-95. அதுவும் என்னிடமிருந்து உங்களைக் காப்பாற்றத்தான். என்னை எதுவும் காப்பாற்றவில்லை என்று நினைக்கிறீர்கள். அந்த இடத்துக்குத்தான் வருகிறேன்.

நான் பொறுப்பேற்கும்போது இந்த வார்டு எப்படி இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். அட்டெண்டர் செவத்தையா மாஸ்கில் வாயருகே ஓட்டை போட்டு அதற்குள் பீடியைச் செருகியிருந்தார். கேட்டதற்கு, "மாஸ்க கழட்டலயே சார்" என்றார். சமையல்கட்டு அம்மா அதைக் கழுத்தில் மாட்டி, உள்ளே வெற்றிலைப் பொட்டலம் வைத்திருந்தார். ஒரு டாக்டர் நெற்றியில் போட்டுக்கொண்டு சுற்றுவார். மூன்றாவது கண்ணில் கிருமி நுழையாமல் இருக்க என்று நான் நினைத்துக்கொள்வேன். பெயர் எழுத வேண்டாம். அவர் இப்போது பெரிய இடத்தில் இருக்கிறார்.

நான்தான் பதினோரு விதிகளைத் தமிழில் எழுதி, கண்ணாடி போட்டு, வாசலில் மாட்டினேன். ஆங்கிலச் சுற்றறிக்கையைப் பார்த்து நானே மொழிபெயர்த்தது. 'முகக்கவசம் அணிவோர் கவனத்திற்கு' என்று தலைப்பு. ஒன்று, கை கழுவுதல். இரண்டு, பட்டை இரண்டும் போடுதல். மூன்று, மூக்குக் கம்பி. நான்கு, ஊதிப் பார்த்தல்: ஓரத்தில் காற்று கசிகிறதா என்று. ஆறு, காற்றின் திசை. ஏழு, முன்பக்கத்தைக் கையால் தொடாமை. எட்டு, கழற்றும்போது கீழ்ப்பட்டை முதலில், மேல்பட்டை பிறகு. ஒன்பது, நோயாளி அறைக்குள் எக்காரணம் கொண்டும் கழற்றாமை. திறந்த வெளியில் ஆறடிக்கு அப்பால் கழற்றலாம். பத்து, காகித உறையில் பெயர் எழுதி வைத்தல். பிளாஸ்டிக் பையில் வியர்த்துப் போகும். பதினொன்று, கிழிந்தால், நனைந்தால் எறிதல்.

ஐந்தா? ஐந்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அது இந்த விவகாரத்துக்குச் சம்பந்தம் இல்லாதது.

குற்றத்துக்கு வருவோம். போன கார்த்திகையில் நான்காம் கட்டிலில் மாசானம் என்று ஒருவர். கல்குவாரியில் வேலை பார்த்தவர். வெடிச் சத்தத்தில் காது முழுக்கப் போய்விட்டது. நாம் பேசுகிற உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார். இங்கே எல்லோருக்கும் வாய் மூடிக் கிடக்கிறது. எழுதிக் காட்டலாம் என்றால் படிக்கத் தெரியாது. மூன்று வாரம் அவரிடம் யாரும் பேசவில்லை. பேசினார்கள், அவருக்குத்தான் தெரியவில்லை. மாத்திரையை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கொல்லப் பார்க்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். டாக்டர், 'ஒத்துழைக்க மறுப்பு' என்று எழுதி, வீட்டுக்கு அனுப்பத் தயார் ஆனார்.

அப்போதுதான் இந்தப் பெண் ஒரு காரியம் செய்தாள். மாசானத்தை இதோ இந்த ஜன்னலருகே உட்கார வைத்தாள். இவள் வெளியே முற்றத்துக்குப் போனாள். வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம் நின்று, மாஸ்கைக் கழற்றிவிட்டு, "அண்ணாச்சி, மாத்திரை சாப்பிடுங்க. ஆறே மாசம். வீட்டுக்குப் போயிரலாம்" என்று மெதுவாக, உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னாள். அந்த ஆள் அழுதார். பிறகு மாத்திரையை வாங்கி விழுங்கினார். தினமும் நாலு மணிக்கு இது நடந்தது.

நான் பார்த்துவிட்டேன். தொற்றுத் தடுப்புப் பொறுப்பாளர் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது? உடனே சுண்ணாம்பு கொண்டுவரச் சொல்லி, அவள் நின்ற இடத்தில் கோடு போட்டேன். ஜன்னலிலிருந்து டேப் வைத்து அளந்தேன். பதினான்கடி. தேதி, நேரம், தூரம் எல்லாம் குறிப்பேட்டில் இருக்கிறது. சாட்சிக்குச் செவத்தையாவிடம் கைநாட்டு வாங்கினேன். 'பணி நேரத்தில், வார்டு எல்லைக்குள், மாஸ்க் அகற்றினார்.' இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பதினான்கடி என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆதாரம் இல்லாமல் நான் பேசுகிறவன் இல்லை.

என்ன? ஒன்பதாம் விதியா? ஆமாம், திறந்த வெளி, ஆறடிக்கு அப்பால். நானே எழுதியது எனக்குத் தெரியாதா? ஆனால் விதியின் சொல் வேறு, விதியின் மனம் வேறு. ஒருத்தி கழற்றினால் நாளைக்குப் பத்துப் பேர் கழற்றுவார்கள். மாசானமா? குணமாகி வைகாசியில் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது அவளுக்கு ஒரு கூடை நுங்கு கொடுத்தார். எனக்குக் கொடுக்கவில்லை. அதை எழுத வேண்டிய அவசியம் இல்லை, விரும்பினால் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆடியில் எனக்கு இருமல் விடவில்லை. எடை ஏழு கிலோ இறங்கியது. சளிச் சோதனையில் கிருமி தெரிந்துவிட்டது, அதுவும் சாதாரண மருந்துக்கு அடங்காத வகை, மாசானத்துக்கு இருந்த அதே வகை. பணியாளருக்குத் தொற்று ஏற்பட்டால் நிரப்ப ஒரு படிவம் உண்டு. அதை நிரப்ப வேண்டியவர் தொற்றுத் தடுப்புப் பொறுப்பாளர், அதாவது நான். என் நோய்க்கு நானே படிவம் நிரப்பினேன். பதினேழாம் கட்டம்: 'காரணமான விதிமீறல் யாருடையது?' கட்டம் காலியாக இருக்கக் கூடாது. காலியாக விட்டால் மேலிடத்திலிருந்து திருப்பி அனுப்புவார்கள். வார்டு முழுவதிலும் அந்த வருஷம் பதிவான விதிமீறல் ஒன்றுதான். பெயர் எழுதினேன். வேறு என்ன செய்வது? நீங்களே சொல்லுங்கள்.

அவளுக்குச் சோதனை பார்த்தார்களா என்றா கேட்கிறீர்கள்? பார்த்தார்கள். எக்ஸ்ரே, சளி, ரத்தம். ஒன்றும் இல்லை. மாஸ்கைக் கழற்றியவள் சுகமாக இருக்கிறாள். ஒரு நாளும் கழற்றாத நான் படுத்திருக்கிறேன். இது நியாயமா என்று படிவத்தில் கேட்கக் கட்டம் இல்லை. அதனால் இங்கே சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.

அவளுடைய அலட்சியத்துக்கு இன்னொரு சான்றும் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன், விட்டுப்போனதாக இருக்கக் கூடாது.

வருஷத்துக்கு ஒரு முறை எல்லோருக்கும் மாஸ்க் பொருத்தச் சோதனை உண்டு. நான்தான் நடத்துவேன். மாஸ்க் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். தலைக்கு மேல் கண்ணாடித் தாளால் ஆன ஒரு கூண்டைக் கவிழ்ப்போம். அதன் ஓட்டை வழியாகச் சாக்கரின் கலந்த தண்ணீரைப் புகை மாதிரி அடிப்போம். உள்ளே இருப்பவர் தலையை ஆட்ட வேண்டும், திரும்ப வேண்டும், வாய் விட்டுப் பேச வேண்டும். நாக்கில் இனிப்புத் தெரியவில்லை என்றால் மாஸ்க் பொருந்தியிருக்கிறது. இனித்தால் எங்கேயோ கசிகிறது. கிருமியும் அதே வழியில் வரும். எளிமையான சோதனை. செவத்தையாவுக்கு மூன்று முறை இனித்தது, நான்காம் முறை வேறு அளவு மாஸ்க் கொடுத்தேன், சரியானது. சமையல்கட்டு அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. ஒவ்வொரு தெளிப்புக்கும் "இதுல ஒண்ணும் ஏறாதே சார்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எல்லோரையும் பேச வைக்க என் பதினோரு விதிகளையே ஒப்பிக்கச் சொல்வேன். சோதனையும் ஆகும், பாடமும் ஆகும்.

கடைசியாக என் முறை. போன கார்த்திகை முப்பதாம் தேதி. ஜெபக்கனி தெளிப்பானைப் பிடித்தாள். அதற்கு முன்பே ஒரு தடவை சொல்லியிருந்தாள், "சாமி, தாடியோட இது ஒட்டாது. ஊதிப் பாருங்க, கண்ணாடியில ஆவி படியுது" என்று. நாசரேத்துப் பெண் என்னைச் சாமி என்று கூப்பிடுவாள், அந்த மரியாதையில் குறை வைத்ததில்லை. இருந்தாலும் பொறுப்பாளருக்கு விதி சொல்லிக் கொடுப்பதா?

ஆமாம், ஐந்தாம் விதி இதுதான். நீங்கள் கேட்டுவிட்டீர்கள், சொல்லிவிடுகிறேன். 'மாஸ்க் பதியும் இடத்தில் முடி இருக்கலாகாது. தினமும் மழித்துக்கொள்ள வேண்டும்.' ஆனால் சாமி, அது தாடிக்கு எழுதியது. அழகுக்கு வைக்கிறார்களே, அந்தத் தாடிக்கு. விரதத்துக்கு எழுதியதா? சுற்றறிக்கை எழுதின வெள்ளைக்காரனுக்குக் கார்த்திகை மாதம் தெரியுமா? அதுவும் பதினெட்டாம் வருஷம். பதினேழு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. பதினெட்டாம் வருஷத்தில் கத்தி வைத்தால் கன்று சுமக்க முடியுமா? மாலை போட்ட உங்களுக்குப் புரியும். உங்களுக்கே புரியவில்லை என்றால் யாருக்குப் புரியும்?

கூண்டுக்குள் உட்கார்ந்தேன். தலையை ஆட்டினேன். திரும்பினேன். வாய் அசைய வேண்டுமே, அதற்குச் சரணம் சொன்னேன். பேச வேண்டும் என்பதுதான் விதி. எதைப் பேச வேண்டும் என்று இல்லை. நூற்றெட்டில் ஒரு நாற்பது போயிருக்கும். அவள் குனிந்து, தாள் வழியாக என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"சாமி, இனிக்குதா?"

நான் சரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் நிறுத்தக் கூடாது.

"சாமி, இனிக்குதான்னு மட்டும் சொல்லுங்க."

நிறுத்தவில்லை. விரதத்தில் பொய் சொல்லக் கூடாது. நான் பொய் சொல்லவே இல்லை. நூற்றெட்டையும் முடித்தேன். அவள் கூண்டை எடுத்தாள். பதிவேட்டில் எல்லோர் பெயருக்கும் நேராக 'தேர்ச்சி' என்று எழுதி இரண்டு கையெழுத்து இருக்கும், நடத்தியவர் ஒன்று, தெளித்தவர் ஒன்று. என் பெயருக்கு நேராக அவள் ஒன்றும் எழுதவில்லை. கையெழுத்தும் போடவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு ஊசி போடப் போய்விட்டாள். எவ்வளவு பெரிய அலட்சியம், பாருங்கள். கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போகிறாள். நான்தான் 'தேர்ச்சி' என்று எழுதி, தனியாகக் கையெழுத்துப் போட்டேன். பதிவேடு அலுவலக பீரோவில் மேல்தட்டில் இருக்கிறது, பச்சை அட்டை. நாற்பத்தோராம் பக்கம், கடைசி வரி. நீங்களே போய்ப் பாருங்கள். இதை அவசியம் எழுதிக்கொள்ளுங்கள்: அந்த வரியில் அவள் கையெழுத்து இல்லை.

அதற்குப் பிறகு தை இரண்டாம் தேதி வரை தாடியோடுதான் மாசானத்துக்கு ஊசி போட்டேன். அந்த ஆள் நேராக முகத்தில் இருமுவார். காது கேட்காதவரிடம் திரும்பி இருமுங்கள் என்று எப்படிச் சொல்வது?

இப்போது இந்த வார்டில் யார் பணி என்றா? அவள்தான். வேறு யாரும் ஆறாம் கட்டிலுக்கு வர முன்வருவதில்லை. மற்றவர்கள் வந்தாலும் கையைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். மாத்திரை, சாப்பாடு, ஊசி, எல்லாவற்றுக்கும் ஒரே கை ஜாடை. இவள் மட்டும் தினமும் நாலு மணிக்கு முற்றத்தில் வந்து நின்று, மாஸ்கைக் கழற்றி, என்ன செய்தி என்று சொல்லிவிட்டுப் போவாள். மழை வந்தது, என் பேரனுக்குப் பல் விழுந்தது, என் வீட்டிலிருந்து போன் வந்தது, எல்லாம். நான் படிவம் எழுதினது அவளுக்குத் தெரியும். மெமோ வந்த அன்றைக்கும் நாலு மணிக்கு வந்தாள். அது வேறு விஷயம். அது விதிக்கு உட்பட்டது, ஒன்பதாம் விதி. பதினான்கடி இருக்கிறதே.

ஒரு வேண்டுகோள். அவளை அனுப்புவதென்று முடிவானால், உத்தரவைச் சித்திரை வரை தள்ளி வையுங்கள். என் சிகிச்சை முடிந்துவிடும். இதைக் கருணை மனுவாக எழுத வேண்டாம். நிர்வாக வசதி என்று எழுதிக்கொள்ளுங்கள்.

என்ன கேட்டீர்கள்? உரக்க. இல்லை, விழவில்லை. இன்னும் ஒரு முறை. மாஸ்க் வழியாக வருகிற குரல் பஞ்சுக்குள் பேசுகிற மாதிரி இருக்கிறது.

கிட்டே வராதீர்கள்.

அங்கேயே நில்லுங்கள் சாமி. உங்கள் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிகிறது. கொஞ்ச நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் பேசும்போதெல்லாம் படிகிறது. மூக்குக் கம்பியை இரண்டு கையாலும்தான் அழுத்தினீர்கள், நான் பார்த்தேன். அது மூக்கிலிருந்து வரவில்லை. கன்னத்திலிருந்து வருகிறது.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா? இரண்டா. சரி.

கிளம்புங்கள். நாற்காலி கிடக்கட்டும். கதவைத் திறந்து முற்றத்துக்குப் போங்கள். இதை மட்டும் எழுத வேண்டாம். பேனாவை மூடுங்கள். போங்கள் சாமி, சொன்னால் கேளுங்கள். வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம் வெள்ளைக் கோடு தெரிகிறதா? அதன் மேல் நில்லுங்கள். மழையில் அழிந்தது, யாரோ திரும்பப் போட்டிருக்கிறார்கள்.

இப்போது மாஸ்கைக் கழற்றலாம். கீழ்ப்பட்டை முதலில். முன்பக்கத்தைத் தொடாதீர்கள். அப்படித்தான். இப்போது கேளுங்கள். மெதுவாக, உதட்டை நன்றாக அசைத்து. நான்கு மாதமாகப் பழக்கம், எனக்குத் தெரியும்.

ம். தெரிகிறது.

நீங்களும் அதைத்தான் கேட்கிறீர்களா? அவள் இரண்டு முறை கேட்டாள். நீங்கள் மூன்றாவது.

பேனாவைத் திறந்துகொள்ளுங்கள். இனித்தது சாமி. முதல் தெளிப்பிலேயே இனித்தது. அரவணைப் பாயசம் மாதிரி தொண்டை வரை இனித்தது. அருள் என்று நினைத்தேன். நாற்பத்தோராம் பக்கம், கடைசி வரி. பதினேழாம் கட்டத்திலும் அதற்குத் தகுந்த பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். காலியாக விட வேண்டாம், திருப்பி அனுப்புவார்கள். கொண்டுவாருங்கள், இல்லை, நீங்கள் வராதீர்கள், அவளிடம் கொடுத்து அனுப்புங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

இன்னொன்று. நாலு மணி ஆகப் போகிறது. கிளம்பும்போது கொஞ்சம் ஒதுங்கிப் போங்கள் சாமி. கோட்டை மிதித்து அழித்துவிடாதீர்கள்.